வண்டியை முந்தின நாள் சாயந்திரமே விட்டுவிட்டுப் போங்கள்

வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

குளிர் தொடங்கிவிட்டால் எங்கள் பட்டறையில் தினமும் இதே காட்சிதான். காலையில் போன் வரும். "வண்டி ஸ்டார்ட்டே ஆக மாட்டேங்குது. ஸ்டார்ட் ஆனாலும் கடகடன்னு ஒரு சத்தம்." சரி, கொண்டு வாருங்கள் என்போம். பதினோரு மணிக்கு வண்டி வந்து நிற்கும். சாவியைத் திருப்பினால் அரைச் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொள்ளும். சத்தமும் இருக்காது. அவர் எங்களைப் பார்ப்பார், நாங்கள் அவரைப் பார்ப்போம். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட கதைதான்.

இங்கே ஓட்டிக்கொண்டு வருவதற்குள் எஞ்சின் சூடாகிவிடுகிறது, ஆயில் இளகிவிடுகிறது, பேட்டரியிலும் கொஞ்சம் சார்ஜ் ஏறிவிடுகிறது. கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க எஞ்சின் முழுக்கக் குளிர வேண்டும், அதற்கு ஒரு ராத்திரி வேண்டும். அதனால்தான் வண்டியை முந்தின நாளே விடச் சொல்கிறோம். ஒரு நாள் வண்டி இல்லாமல் சிரமம்தான். அப்படி ஏன் கேட்கிறோம், விடுவதற்கு முன் நீங்கள் என்னென்ன கவனித்துச் சொன்னால் எங்கள் வேலை பாதியாகும் என்று விளக்கத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் தப்பு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். பழைய பெட்ரோல் வண்டி ஒன்று, காலையில் செல்ஃப் (எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) இழுத்து இழுத்துச் சுற்றுகிறது என்று வந்தது. பேட்டரிக்கு நாலு வயது. வேறெதையும் பார்க்காமல் புதுப் பேட்டரி போட்டு அனுப்பிவிட்டோம். இரண்டு வாரம் நன்றாக ஓடியது. அப்புறம் குளிர் இன்னும் இறங்கிய ஒரு காலையில் பழைய கதை. இந்த முறை வண்டியை ராத்திரி இங்கேயே நிறுத்தி, காலையில் முதல் ஸ்டார்ட்டிலேயே மீட்டர் வைத்தோம். செல்ஃப் சுற்றும்போது பேட்டரியில் 11 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. 9.6-க்குக் கீழே போகாமல் இருந்தாலே போதும். ஆனால் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் நடுவில் மட்டும் ஒன்றரை வோல்ட் காணாமல் போகிறது. அது கால் வோல்ட்டுக்கு மேல் போகவே கூடாது. அந்த இரண்டையும் இணைக்கும் எர்த் வயரின் முனையைத் தொட்டால் சுட்டது. வெளி உறையில் ஒரு கீறல்கூட இல்லை. கத்தியால் உறையைக் கீறிப் பார்த்தால், உள்ளே செம்பு இழைகள் பச்சைப் பொடியாக உதிர்ந்தன. புதுப் பேட்டரிக்குத் தெம்பு அதிகம் என்பதால் இரண்டு வாரம் அந்தக் குறையை மூடி மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு வயரோடு முடிந்திருக்க வேண்டிய வேலை. பேட்டரிக்கு வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தோம். "செத்துப்போன" அந்தப் பழைய பேட்டரியில்தான் கரண்ட் போனால் இன்றைக்கும் எங்கள் பட்டறையில் லைட் எரிகிறது.

குளிரில் பேட்டரிக்கு நிஜமாகவே கஷ்டம் உண்டு. உள்ளே நடப்பது ரசாயன வேலை, குளிரில் அது மந்தமாகும். மைனஸ் 18 டிகிரியில் ஏறக்குறைய பாதித் திறன்தான் மிஞ்சும். அதே நேரத்தில் ஆயில் கெட்டியாகி, எஞ்சினைச் சுற்ற வழக்கத்தைவிட அதிக பலம் கேட்கும். வரவு குறைகிற நாளில் செலவு ஏறுகிறது. பேட்டரியின் மேல் சிசிஏ என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். மைனஸ் 18 டிகிரியில் 30 நொடிக்கு அது கொடுக்கக்கூடிய ஆம்பியர் அது. மாற்றும்போது வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணுக்குக் கீழே போகாதீர்கள்.

கையில் மீட்டர் இருந்தால், ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவியைத் தொடுவதற்கு முன் பேட்டரியில் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12-க்குக் கீழே என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். எஞ்சின் ஓடும்போது 13.8-இலிருந்து 14.5-க்குள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் கோளாறு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோ பக்கம். மீட்டர் இல்லையா, ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். லைட் சுருண்டு அணைகிற மாதிரி மங்கினால் பேட்டரியோ டெர்மினலோதான் காரணம். லைட் பிரகாசமாகவே இருந்து, செல்ஃப் மட்டும் அசையவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரிலோ சாவி சுவிட்சிலிருந்து அதற்குப் போகும் வயரிலோ கோளாறு. காதுக்கும் இது தெரியும். "டிக்டிக்டிக்" என்று வேகமாக அடித்தால், செல்ஃபுக்குக் கரண்டை இணைக்கும் சுவிட்சான சொலினாய்டு பிடிக்கப் பார்த்துச் சார்ஜ் போதாமல் விட்டுவிடுகிறது. ஒரே ஒரு "டக்", அப்புறம் அமைதி என்றால் செல்ஃபைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும். "விர்ர்" என்று மோட்டார் மட்டும் சும்மா சுற்றினால், செல்ஃபின் பல்சக்கரம் எஞ்சின் சக்கரத்தில் கோத்துக்கொள்ளவில்லை.

டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் வெந்நீரும் சோடா உப்பும் போதும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். இந்த வரிசை மாறி, ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். சார்ஜ் ஆகிற பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளியேறும் என்பதால் அந்தப் பொறி விளையாட்டல்ல.

செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பிடிக்கவில்லை என்றால் பேட்டரியை விட்டுவிடுங்கள். கார்புரேட்டர் வண்டியில் பெரும்பாலும் சோக் (குளிரில் காற்றைக் குறைக்கும் மூடி) சரியாக மூடாததுதான் காரணம். ஆக்சிலேட்டரை மிதித்து மிதித்துப் பெட்ரோல் வாடை வர ஆரம்பித்துவிட்டால் பிளக் நனைந்துவிட்டது என்று அர்த்தம். பத்து நிமிடம் விட்டுவிட்டு, சோக்கைத் திறந்து, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்தபடி சுற்றுங்கள், மிதித்து மிதித்து எடுக்காதீர்கள். எது எப்படியானாலும் ஒரு தடவைக்குப் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம், நடுவில் ஒரு நிமிடமாவது ஆற விடுங்கள். இன்ஜெக்ஷன் வண்டியில் சாவியை ஆனில் வைத்து இரண்டு நொடி காது கொடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் பின்பக்கமிருந்து பெட்ரோல் பம்ப் மெல்ல முனகும். முனகவில்லை என்றால் அதை எங்களிடம் சொல்லுங்கள். பம்ப் ஓடியும் குளிரில் மட்டும் தகராறு என்றால் எங்கள் முதல் சந்தேகம் கூலன்ட் வெப்பத்தை அளக்கும் சென்சார் மேல். எஞ்சின் சூடாக இருக்கிறது என்று அது தப்பாகச் சொன்னால், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைத்துக் கொடுக்கும்.

டீசல் வண்டியில் எஞ்சினின் உள்ளே சூடேற்றித் தருவது ஹீட்டர் பிளக். டேஷ்போர்டில் அதன் விளக்கு அணைகிற வரைக்கும் பொறுங்கள். நாலில் இரண்டு பிளக் போனால்கூட வண்டி எப்படியோ பிடித்துவிடும். ஆனால் முதல் ஒரு நிமிடம் உதறும், வெள்ளைப் புகை தள்ளும். புகை எவ்வளவு நேரம் வந்தது என்று பார்த்து வைத்திருங்கள். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறோம்: ஹீட்டர் பிளக் இருக்கிற வண்டியில் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். அதில் இருக்கும் ஈதர், பழுத்த பிளக்கில் பட்டால் நேரம் தவறி வெடிக்கும். பிஸ்டனே உடையலாம்.

இனி சத்தம். எங்களுக்குப் பிடித்த வேலை இது. காலையில் வந்து கொஞ்ச நேரத்தில் போய்விடுகிற சத்தத்துக்கு நாங்கள் அவ்வளவாகப் பயப்படுவதில்லை. சூடான பிறகு வளர்கிற சத்தத்துக்குத்தான் பயப்படுவோம். ஸ்டார்ட் ஆனதும் மேலே "டிக்டிக்" என்று சில நொடி அடித்து அடங்கினால் அது டாப்பெட், அதாவது வால்வுகளை அசைக்கும் பாகம். ராத்திரி கீழே வடிந்த ஆயில் மறுபடி மேலே ஏறும் வரை அப்படித்தான் இருக்கும். அதே "டிக்" சில நிமிடம் நீடித்து, ஆக்சிலேட்டர் கொடுத்தால் கூடி, சூடானதும் மறைந்தால் டாப்பெட் என்று முடிவுகட்ட வேண்டாம். எக்ஸாஸ்ட் மானிஃபோல்டு காஸ்கெட்டில், அதாவது புகைக் குழாய் எஞ்சினோடு சேரும் இடத்து அடைப்பில், ஓட்டை இருக்கலாம். இரும்பு சூடாகி விரியும்போது அந்த இடுக்கு தானே அடைபட்டுவிடும். அந்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தால் கரித் தடம் ஒன்று விசிறி மாதிரி படிந்திருக்கும். முதல் இரண்டு மூன்று நொடி சங்கிலியை உலுக்குகிற மாதிரி கேட்டால் டைமிங் செயின் டென்ஷனர் (எஞ்சினுக்குள் இருக்கும் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் பாகம்), தள்ளிப் போடாதீர்கள். அடியிலிருந்து கனமாக "டொக் டொக்" என்று வந்து, சூடாகி ஆயில் இளக இளகக் கூடினால் எஞ்சினை அங்கேயே நிறுத்துங்கள். அது பேரிங். ஓட்டி வர வேண்டாம், கட்டி இழுத்து வாருங்கள்.

"கீச்" என்று ஊரைக் கூட்டுகிற சத்தம் பெல்ட். எஞ்சின் ஓடும்போது தள்ளி நின்று, பெல்ட்டின் உட்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்ப்போம். சத்தம் சட்டென்று நின்று திரும்ப வந்தால் புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. இதை நீங்கள் செய்ய வேண்டாம், சட்டைக் கை மாட்டிக்கொள்ளும். நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை டைனமோ மேல் வைத்து, பிடியைக் காதருகே எலும்பில் அழுத்திக் கேட்பதையும் எங்களிடமே விட்டுவிடுங்கள். உள்ளே பேரிங் அரைப்பது தலைக்குள்ளேயே கேட்கும். உங்கள் போனில் அரை நிமிடம் பதிவு செய்து கொண்டுவந்தால் எங்களுக்குப் போதும்.

ஆயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய வண்டி என்றால் கெட்டி ஆயில்தான் நல்லது என்று 20டபிள்யூ-50 ஊற்றிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அந்த டபிள்யூ குளிர்காலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னால் இருக்கும் எண் சிறிதாக இருந்தால் குளிரில் ஆயில் சீக்கிரம் ஓடும். கையேடு அனுமதித்தால் குளிர் மாதங்களுக்கு 10டபிள்யூ-40-க்கு மாறலாம். எத்தனையோ "டாப்பெட் சத்தம்" ஆயில் மாற்றியதோடு போயிருக்கிறது. அப்புறம், ஸ்டார்ட் ஆன கையோடு உறுமவிட்டுச் சூடாக்குகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். அரை நிமிடம் போதும், பிறகு மெதுவாக ஓட்டிக்கொண்டே சூடாக்குங்கள்.

வண்டியை விடும்போது ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டேஷ்போர்டில் வையுங்கள்: செல்ஃப் சுற்றியதா, எத்தனை தடவை அடித்தீர்கள், சத்தம் எப்போது வந்து எப்போது போனது, என்ன ஆயில், பேட்டரி எப்போது மாற்றியது. கொண்டுவருவதற்கு முன் யாரும் ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டுத் தர வேண்டாம். உதவி செய்வதாக நினைத்து அப்படிச் செய்கிறவர்கள் உண்டு. நாங்கள் தேடுகிற தடயமே அதில் போய்விடும்.

உங்கள் வண்டியின் சத்தத்தைக் கூட நின்று கேட்க வேண்டும் என்றால் காலை ஏழு மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். முழுக்கக் குளிர்ந்த எஞ்சின் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். ஏழடித்தால் சாவியைத் திருப்பிவிடுவோம்.

அன்புடன்,
பட்டறைக்காரர்கள்