வருஷத்துக்கு ஒரு ஜெர்சி, சீசனுக்கு ஒரு முழக்கம்: அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் விளையாட்டுத் துறை இயக்குநர்களுக்கும், அவர்களுக்கு ஜெர்சி வடிவமைத்துத் தரும் நிறுவனங்களுக்கும்,

வணக்கம்.

கோடை முடிந்து, பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடும் உங்கள் ஃபுட்பால் சீசன் தொடங்கப்போகிறது என்றாலே, புது ஜெர்சியைக் காட்டும் உங்கள் வீடியோ வந்துவிடும். இருட்டு அறை, கொஞ்சம் புகை, மெதுவாகத் திரும்பும் ஒரு வீரர், ஹெல்மெட்டின் மேல் ஒரு கீற்று வெளிச்சம். கூடவே விளக்கவுரை: தோளில் இருக்கும் கோடு உறுதியைக் குறிக்கிறது, காலர் மரபைக் குறிக்கிறது, காலுறையும் எதையோ குறிக்கிறது. இரண்டு நாள் கழித்து அந்த சீசனுக்கான முழக்கம் வரும். ஒரு மணி நேரத்துக்குள் ரசிகர்கள் இரண்டையும் கிழித்துத் தொங்கவிடுவார்கள். நீங்களும் "பழைய ஆட்களுக்கு மாற்றம் என்றாலே ஆகாது, பையன்களுக்குப் பிடித்திருக்கிறது" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவீர்கள்.

எங்களுக்கு மாற்றம் ஆகாது என்பது சரியில்லை. 2011 செப்டம்பரில் மேரிலாந்து பல்கலைக்கழக அணி போட்டுக்கொண்டு வந்ததை நினைத்துப் பாருங்கள். ஹெல்மெட்டில் பாதி கறுப்பும் தங்கமும், மறுபாதி சிவப்பும் வெள்ளையும். கூடைப்பந்து நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸே ட்விட்டரில் முகம் சுளித்தார். ஆனால் அது அந்த மாநிலத்தின் கொடி. கால்வெர்ட், கிராஸ்லாண்ட் குடும்பச் சின்னங்களைச் சேர்த்து 1904இல் சட்டப்படி ஏற்ற கொடி. அந்த ஊர்க்காரர்கள் காரிலும் தொப்பியிலும் அதை ஒட்டிக்கொண்டு திரிபவர்கள். நாடு முழுக்கச் சிரித்தபோதும், இது நம்முடையது என்று அவர்களுக்குச் சட்டென்று புரிந்தது. கொடியின் சாயல் அந்த அணியின் உடையில் இன்னமும் தலைகாட்டுகிறது. அன்று மயாமியை 32-24 என்று ஜெயித்தார்கள். அந்த சீசன் முழுக்க ஜெயித்ததே 2 ஆட்டம்தான் என்பது வேறு விஷயம்.

ஊர்ச் சம்பந்தம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் மைதானத்துக்குச் சதுப்பு நிலம் என்று செல்லப்பெயர். அதை வைத்து 2017இல் டெக்ஸஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்துக்கு முதலைத் தோல் மாதிரி ஒரு பாசிப்பச்சை உடையை இறக்கினார்கள். காரணமெல்லாம் கச்சிதம்தான். ஆனால் அந்த அணியை அடையாளம் காட்டும் ஆரஞ்சும் நீலமும் பின்னுக்குப் போய்விட்டன. 19-17 என்று தோற்றும் போனதால் கேலிக்குக் கேட்கவா வேண்டும்!

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் இறக்கை வரைந்த ஹெல்மெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இந்த விளையாட்டிலேயே பலரும் அழகானது என்று கொண்டாடுவது அதைத்தான். 1938இல் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரிஸ்லர் அதைக் கொண்டுவந்தபோது எந்த விளக்கவுரையும் தேவைப்படவில்லை. பந்தை எறிபவர் தூரத்தில் ஓடும் தன் ஆளைப் பார்த்ததும் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கணக்கு. கண்ணுக்குத் தெரிவதற்காகப் பூசிய வண்ணம் எண்பது வருஷத்துக்கு மேல் நிலைத்துவிட்டது.

இப்போது நீங்கள் செய்வது நேர்மாறு. எண்ணின் நிறம் ஜெர்சியின் நிறத்திலிருந்து தெளிவாக வேறுபட வேண்டும் என்று கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ 2013இல் விதியே போட வேண்டியிருந்தது. விதி வந்த பிறகும் ஓட்டையைத் தேடுகிறீர்கள். நான் பார்க்கப் போகும் அணி (பெயர் வேண்டாம்) போன சீசனில் ஓர் இரவு ஆட்டத்துக்குக் கரும்பச்சையில் பழுப்புத் தங்க எண்ணோடு வந்தது. கடையில் கையில் எடுத்துப் பார்த்தால் அருமையாகத்தான் இருக்கிறது. எண்ணின் விளிம்பில் பொடித் தையல்கூட உண்டு. மேல்வரிசையில் உட்கார்ந்தவனுக்கோ 8க்கும் 3க்கும் வித்தியாசமே தெரியவில்லை. பந்தைத் தவறவிட்டது யார் என்று பக்கத்து இருக்கைக்காரர் ரேடியோவைக் காதில் வைத்துக் கேட்டுச் சொன்னார். டிக்கெட் வாங்கி உள்ளே வந்தவன் ரேடியோவில் ஆட்டம் கேட்பதற்கு எதற்கு ஒரு மைதானம்?

முழக்கத்துக்கு வருகிறேன். அதில்தான் எனக்கு வருத்தம் அதிகம்.

1922 ஜனவரி 2, டல்லஸ். சென்டர் காலேஜோடு டெக்ஸஸ் ஏ அண்ட் எம் மோதுகிறது. ஆள் ஆளாகக் காயம்பட்டு விழ, பயிற்சியாளர் டானா பைபிள், பத்திரிகைக்காரர்களோடு உட்கார்ந்திருந்த இ. கிங் கில் என்ற மாணவரைக் கீழே கூப்பிடுகிறார். அவர் அடிபட்ட ஒருவரின் உடையை வாங்கி மாட்டிக்கொண்டு ஓரத்தில் தயாராக நின்றார். கடைசிவரை களமிறங்க வேண்டி வரவில்லை; 22-14 என்று அணி ஜெயித்தது. களத்தில் ஆடுவது பதினொரு பேர்; "பன்னிரண்டாவது ஆள்" என்ற பேர் அங்கே அதிலிருந்து வந்ததுதான். அவரைப் போலவே தயாராக, இன்றும் மாணவர்கள் ஆட்டம் முடியும்வரை உட்காருவதில்லை. இரவல் சட்டை போட்டு, ஆடாமலே நின்ற ஒருவரிடமிருந்து வந்த முழக்கம் அது. பல்கலைக்கழகம் பிறகு அதற்கு வணிக முத்திரை வாங்கியது, அதே பேரைப் பயன்படுத்திய சியாட்டில் தொழில்முறை அணியோடு வழக்குக்கும் போனது. அது இருக்கட்டும்.

1969இல் மிச்சிகனில் புதுப் பயிற்சியாளர் போ ஷெம்பெக்லர் பயிற்சியில் பிழிந்தெடுத்தபோது ஆட்கள் கழன்றுகொண்டே இருந்தார்கள். "நிலைத்திருப்பவர்களே சாம்பியன்கள்" என்று ஒரு பலகை மாட்டினார். விட்டுப்போன ஒருவர் அதன் கீழே, "போகிறவர்கள் டாக்டர், வக்கீல், முதலாளி ஆவார்கள்" என்று எழுதிவிட்டுப் போனதாக ஒரு கதை உண்டு. பயிற்சியாளர் பி.ஜே. ஃபிளெக்கின் "ரோ த போட்" (படகைச் செலுத்து) என்ற முழக்கம் 2011இல் கைக்குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தகப்பனின் பேச்சு. மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு மாறியபோது அந்த முழக்கத்தையும் தன்னோடு எடுத்துச்செல்ல, அதுவரை வேலைபார்த்த பல்கலைக்கழகத்தின் உதவித்தொகை நிதிக்கு வருஷம் 10,000 டாலர் வீதம் 5 வருஷம் தர அவர் ஒப்புக்கொண்டார். உங்கள் விளம்பர ஏஜென்சி எழுதித்தரும் முழக்கத்தை அடுத்த பயிற்சியாளர் வரும்போது இனாமாகக் கொடுத்தாலும் எடுத்துப்போக ஆளிருக்காது.

விற்பனைக்காகத்தான் இத்தனையும் என்பது தெரியாதவர்கள் இல்லை நாங்கள். 2013இல் விளையாட்டு விமர்சகர் ஜே பிலாஸ் என்சிஏஏவின் கடைத் தளத்தில் வீரர்களின் பெயரைத் தட்டினால் அவர்களுடைய எண் போட்ட ஜெர்சி வந்து நிற்பதைக் காட்டினார். அப்போது அந்தப் பையன்களுக்கு அதில் ஒரு காசு கிடையாது. 2021 ஜூலையிலிருந்து தங்கள் பெயரை வைத்து அவர்களும் சம்பாதிக்கலாம். நல்லது, விற்றுக்கொள்ளுங்கள்.

கேட்பது கொஞ்சம்தான். அடுத்த ஜெர்சிக்குக் கையெழுத்துப் போடும் முன், அதை ஒருவருக்கு மாட்டி, விளக்கெரியும் நேரத்தில் களத்தின் எதிர்ப்பக்கம் ஓடவிட்டு, நீங்கள் கடைசி வரிசைக்கு ஏறி வந்து எண்ணைப் படித்துப் பாருங்கள். படிக்க முடியாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். பரம எதிரியோடு மோதும் அந்த ஓர் ஆட்டத்துக்காவது வழக்கமான உடையிலேயே இறங்குங்கள். முழக்கம் எழுதுவதை ஐந்து வருஷத்துக்கு நிறுத்திவையுங்கள். அந்த நேரத்தில் மாணவர் பகுதியில் என்ன கத்துகிறார்கள் என்று கேளுங்கள். கெட்ட வார்த்தை போக மீதி உங்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
மேல்வரிசை சீசன் டிக்கெட்காரன்