அம்மாவின் கேள்விக்குப் பதில் சொன்னவருக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். மூச்சு சீராகிவிட்டது. இன்று காலை யார் துணையும் இல்லாமல் வாசல் வரை நடந்தார். கார்கில் போர் நினைவிடத்துக்குப் போன இடத்தில், திராஸில், அம்மாவுக்கு மூச்சுத் திணறியது உங்களுக்கெல்லாம் தெரியும்; மறுபடி எழுத மனம் வரவில்லை. ஆக்சிஜன் வைத்துவிட்டு இரவெல்லாம் பக்கத்திலேயே இருந்த ராணுவ மருத்துவர்கள், சோஜிலா கணவாயில் அம்மாவுக்கு நோகாமல் வண்டியை இறக்கிய ஓட்டுநர், விமான டிக்கெட்டை மாற்றித் தந்தவர்கள், கேட்காமலேயே பணம் அனுப்பிய உறவுகள், முன்னாள் படைவீரர் சங்கத்துப் பெரியவர்கள், அத்தனை பேருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

ஆனால் இந்த மடல் முக்கியமாக இன்னொருவருக்கு.

அண்ணன் பீரங்கிப் படையில் இருந்தான். 1999 ஜூனில், தோலோலிங் மலையை மீட்கும் சண்டை நடந்த நாட்களில் போய்விட்டான். வயது 22. கார்கில் போரில் உயிர்நீத்த 527 வீரர்களில் ஒருவன். அதற்கு முந்தைய போர்களில் பெரும்பாலும் போர்முனையிலேயே எரியூட்டிவிடுவார்கள். கார்கிலில்தான் உடல்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதனால் அவன் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்க எங்களுக்குக் கொடுத்துவைத்திருந்தது. வந்த அதிகாரிகள் எல்லோரும் அவன் வீரத்தைப் பற்றியே பேசினார்கள். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: “அன்றைக்கு என் பிள்ளை சாப்பிட்டானா?”

யாருக்கும் தெரியவில்லை. 25 ஆண்டுகளாக, திதியன்று இலையில் சோறு வைக்கும்போதெல்லாம் அம்மா அதையே கேட்பார். நாங்கள் பேச்சை மாற்றிவிடுவோம்.

கார்கில் வெற்றி நாளான ஜூலை 26 அன்று, திராஸ் நினைவிடத்தில் மலர்வளையம் வைத்து முடிந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் வந்தார். நரைத்த மீசை, மார்பில் பதக்கங்கள். ஓய்வுபெற்ற ஹவில்தார். அண்ணன் நின்ற அதே பீரங்கியில் குண்டு எடுத்துக் கொடுத்தவர். நாங்கள் வருவதைக் கேள்விப்பட்டு உத்தராகண்டிலிருந்து எங்களைப் பார்ப்பதற்கென்றே வந்திருந்தார். பணியில் இருந்த நம் ஊர்ப்பக்கத்துச் சிப்பாய் ஒருவர் மொழிபெயர்க்க, அம்மா தன் கேள்வியைக் கேட்டார்.

அவர் யோசிக்கவே இல்லை. “சாப்பிட்டான் அம்மா. காலையில் பூரியும் மாங்காய் ஊறுகாயும் வந்தது. அவனுக்கு ஊறுகாய் பிடிக்குமே என்று என் பங்கையும் அவனிடமே கொடுத்துவிட்டேன். இன்னொரு குவளை தேநீரும் வாங்கிக் குடித்தான்.” பிறகு, ஊறுகாயை உள்ளே வைத்துப் பூரியைச் சுருட்டி, நின்றுகொண்டே அவன் கடித்த விதத்தைக் கையாலேயே செய்து காட்டினார்.

அம்மா என் பக்கம் திரும்பினார். “அப்படித்தானடி தின்பான்” என்றார். தோசையானாலும் சப்பாத்தியானாலும் அண்ணன் சுருட்டித்தான் சாப்பிடுவான்.

பெற்றவள் மனம் ஆறட்டும் என்று சொல்லியிருப்பாரோ என யாருக்காவது தோன்றலாம். கடைசியாக அம்மாவைப் பற்றி ஏதாவது சொன்னானா என்று கேட்டபோது, “தெரியாது அம்மா, அந்த நேரத்தில் நான் பக்கத்தில் இல்லை” என்று தலைகுனிந்தார். ஆறுதலுக்காகப் பொய் சொல்பவராக இருந்தால் அந்த இடத்தில் அல்லவா சொல்லியிருப்பார்?

அங்கிருந்து, அதன் உயரத்தை (மீட்டரில்) வைத்து 5140 என்று அழைக்கப்பட்ட சிகரத்தைச் சுட்டிக்காட்டினார். பீரங்கிப் படையினரைப் போற்றி 2022-இல் அதற்கு ‘கன் ஹில்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா மலையைப் பார்க்கவில்லை. அவர் கையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, “உன் பங்கையும் கொடுத்தாயா, தம்பி” என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஹவில்தார் அண்ணா, இதை யாராவது உங்களுக்குப் படித்துச் சொல்வார்கள் என்று நம்புகிறேன். நாட்டுக்காக எங்கள் அண்ணன் செய்ததை ஊரே சொல்லும். அவனைப் பசியோடு அனுப்பவில்லை என்று சொல்ல நீங்கள் ஒருவர்தான் இருந்தீர்கள்.

இப்படி ஒரு சின்னக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டிருக்கும் தாய்மார்கள் இன்னும் பலர் இருப்பார்கள். பதில் தெரிந்த தோழர்களுக்கும் வயதாகிக்கொண்டே போகிறது. எங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கும், பழைய படைப்பிரிவுக்காரர்களுக்கும் எழுதத் தொடங்கிவிட்டேன். உங்களுக்குத் தெரிந்த வீரர் குடும்பத்தில் அப்படி ஒரு கேள்வி இருந்தால் எனக்கு அனுப்புங்கள். பதில் தெரிந்தவரைத் தேடிப் பார்க்கிறேன்.