அறிவியல் மன்ற ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கண்டதையும் தொட்டுவிட்டு ஓடாமல் ஆண்டு முழுவதும் ஒரே பொருளை எடுத்துக்கொள்வது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். ‘அணு, பருப்பொருள், வெப்பம்’ என்று தீர்மானம் ஆனது. கருந்துளைதான் வேண்டும் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். தோற்றுப்போனோம். இப்போது அதில் வருத்தம் இல்லை.

மாதம் ஒன்றாகப் பன்னிரண்டு கூட்டங்கள் நடந்திருக்க வேண்டும், பத்துதான் நடந்தன. டிசம்பரில் மழை. மே மாதம், வெப்பத்தைப் பற்றிப் பேச வந்தவர்கள் வெப்பம் தாங்காமல் நூலக மாடியிலிருந்து இறங்கிப் போய்விட்டோம்.

முதல் கூட்டத்திலேயே எல்லாரும் மாட்டிக்கொண்டோம். ஓர் அண்டா வெந்நீர், சிவக்கக் காய்ந்த ஒரு தையல் ஊசி: எதில் வெப்பம் அதிகம் என்பது கேள்வி. பெரியவர்களில் பாதிப்பேர் ஊசி என்றார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி வெப்பநிலைக்கான வரையறையை மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டு, அவளும் ஊசி என்றாள். சரி, செய்தே பார்த்துவிடலாம் என்று ஊசியை இடுக்கியால் பிடித்து அடுப்பில் காய்ச்சி, ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டோம். ‘சுர்’ரென்று ஒரு சத்தம் வந்தது, வெப்பமானி அசையவில்லை. ஊசி ஒரு கிராம் எடை, 800 டிகிரி என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 200 கிராம் தண்ணீரை அதனால் ஒரு டிகிரிகூட ஏற்ற முடியாது. ஒவ்வொரு துகளும் எவ்வளவு வேகமாக ஆடுகிறது என்பது வெப்பநிலை. எத்தனை துகள்கள் ஆடுகின்றன என்ற கணக்கும் சேர்ந்தால்தான் உள்ளே இருக்கும் மொத்த ஆற்றல் தெரியும். பேச்சில் இரண்டுக்கும் ‘சூடு’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் எண்ணம். ஆண்டு முழுக்க நாங்கள் செய்ததெல்லாம் இந்த ஒரு முடிச்சை அவிழ்க்கும் வேலைதான்.

ஜூலையில் பனிக்கட்டியின் உள்ளுறை வெப்பத்தை, அதாவது வெப்பநிலை ஏறாமல் அது உருகுவதற்கு மட்டுமே வாங்கும் வெப்பத்தை அளந்தோம். 30 டிகிரியில் 200 கிராம் தண்ணீர், அதில் 50 கிராம் பனிக்கட்டி. கட்டி முழுதும் கரைந்தபோது வெப்பநிலை 10 டிகிரி. கணக்குப் போட்டால் கிராமுக்கு 70 கலோரி வந்தது, புத்தகத்தில் 80 (ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றத் தேவையான வெப்பம் ஒரு கலோரி). உறுப்பினர் ஒருவர் “புத்தகத்தில் இருப்பதையே எழுதிவிடலாமே” என்றார். பள்ளியில் நாம் எல்லாரும் அப்படித்தான் எழுதினோம், மறுக்கவில்லை. ஆனால் மன்றத்துக்கு மதிப்பெண் போட ஆள் இல்லையே. எங்கே தவறு என்று தேடினோம். கட்டியின் மேல் ஒட்டியிருந்த ஈரத்தையும் பனிக்கட்டி எடையில் சேர்த்திருந்தோம். எவர்சில்வர் டம்ளரும் தன் பங்குக்கு வெப்பம் கொடுத்திருக்கிறது, அதைக் கணக்கில் எடுக்கவே இல்லை. அடுத்த முறை துணியால் துடைத்து, தெர்மோகோல் கோப்பையில் செய்தபோது 78 வந்தது. அன்று விழுந்த கைத்தட்டல் சென்ற ஆண்டு விழாவில்கூட விழவில்லை.

இதே கணக்கு சமையலறைக்கும் போனது. “கொதி வந்ததும் அடுப்பைக் குறைத்தால் சாதம் வேக நேரமாகாதா?” என்று ஓர் அம்மா கேட்டார். ஆகாது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தொட்டுவிட்டால், எவ்வளவு தீ வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. கூடுதல் வெப்பம் எல்லாம் நீரை ஆவியாக்கவே செலவாகும், கிராமுக்கு 540 கலோரி வீதம். குக்கரில் அழுத்தம் கூடுவதால் கொதிநிலை 120 டிகிரி வரை ஏறுகிறது, அதனால்தான் பருப்பு சீக்கிரம் குழைகிறது. ஊட்டியில் நிலைமை தலைகீழ்: காற்றழுத்தம் குறைவு, 93 டிகிரிக்குள்ளாகவே கொதித்துவிடும். இட்லிப் பானை ஆவி கையில் பட்டால் வெந்நீரைவிட மோசமாகச் சுடுவதும் அந்த 540 கலோரியால்தான். ஆவி தோலில் பட்டுத் தண்ணீராகும்போது வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கிறது.

இந்த ஆண்டின் சிறந்த கூட்டம் செப்டம்பரில் நடந்தது. பேச்சாளர், கீழே கடை வைத்திருக்கும் டீ மாஸ்டர். முதலில் தயங்கினார், “எனக்கு ஆத்தத்தான் தெரியும், பேசத் தெரியாது” என்றார். ஆற்றினாலே போதும் என்று கூட்டிவந்தோம். சும்மா வைத்த டீ ஐந்து நிமிடத்தில் இறங்கிய அளவைவிட, அவர் அரை நிமிடம் ஆற்றிய டீ கூடுதலாக இறங்கியிருந்தது. டீ கயிறு போல நீளும்போது காற்றுப் படும் பரப்பு கூடுகிறது. வேகம் மிகுந்த மூலக்கூறுகள் மேற்பரப்பிலிருந்து முதலில் தப்பிப் போகின்றன, மெதுவானவை மிஞ்சுகின்றன, டீ குளிர்கிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே வழியில்தான்.

வெப்பம் என்பது ஆட்டம்தான் என்று மனிதர்கள் ஒப்புக்கொள்ள வெகுகாலம் ஆனது. அது பொருளுக்குள் ஓடும் ஒருவகைத் திரவம் என்றே நம்பினார்கள். மியூனிக்கில் பீரங்கிக் குழாய் குடைவதை மேற்பார்த்த ரம்ஃபோர்ட், உராய்வால் மட்டுமே இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்ததை 1798-இல் எழுதினார். தேய்க்கத் தேய்க்க வந்துகொண்டே இருப்பது எப்படித் திரவமாக இருக்கும்?

அணுவின் கதையும் அப்படித்தான். நவம்பரில், இரவல் வாங்கிய நுண்ணோக்கியில், தண்ணீர் கலந்த பால் ஒரு சொட்டைப் பார்த்தோம். கொழுப்புத் துளிகள் நிற்காமல் துடித்தன. 1827-இல் தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் மகரந்தத்திலிருந்து வெளிவந்த நுண்துகள்களில் கண்ட அதே துடிப்பு. கண்ணுக்குத் தெரியாத மூலக்கூறுகள் இடிப்பதால் வருவது இது என்று 1905-இல் ஐன்ஸ்டைன் கணக்குக் காட்டினார். பிரெஞ்சு இயற்பியலாளர் பெரன் அதை அளந்து உறுதிசெய்து 1926-இல் நோபல் பரிசு பெற்றார். ஓஸ்ட்வால்ட் போன்ற பெரிய வேதியியலாளரே 1909 வாக்கில்தான் அணுவை ஒப்புக்கொண்டார் என்றபோது, “அப்போ நாங்க நம்பலைன்னா மட்டும் ஏன் சார் திட்டுறீங்க?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். பதில் சொல்ல முடியவில்லை. ஜனவரியில் பள்ளி மைதானத்தில் ஒரு கடுகை வைத்து, அதுதான் ஹைட்ரஜனின் அணுக்கரு என்றால் அணுவின் விளிம்பு எங்கே என்று நடந்தோம். விளிம்பை எட்டுவதற்குள் மதில் குறுக்கே வந்துவிட்டது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வாங்கிய ஆறு வெப்பமானிகளில் இரண்டு, உருகும் பனிக்கட்டியில் 2 டிகிரி காட்டின. கடைக்காரர் மாற்றித் தரவில்லை. அவற்றில் ‘2 கழிக்கவும்’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறோம். பழைய பாதரச வெப்பமானி ஒன்று உடைந்தது. பிள்ளைகளை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்துவிட்டு, கையால் தொடாமல் காகித அட்டையால் அள்ளி மூடினோம். இனி பாதரசம் வாங்குவதில்லை என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. கதிர்வீச்சு பற்றிய கூட்டம் சரியாக அமையவில்லை. தயாரிக்காமல் வந்தது நான்தான்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். வரும் ஆண்டில் சொந்தமாக ஒரு நுண்ணோக்கி வாங்கவும், மே மாதக் கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மேல் கீழ்த்தளத்தில் நடத்தவும் பொதுக்குழுவின் அனுமதி வேண்டும். கருந்துளையை இந்த முறையும் முன்மொழிகிறேன்.

அறிக்கையை ஏற்று ஒப்புதல் அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்