தேய்ந்த செருப்பையும் மேசையில் வை

அன்பு நித்யா,

போனில் நீ புலம்பியதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பாதத்தைப் பற்றிய தேர்வில் உன் பிசியோதெரபி பிள்ளைகள் நல்ல மார்க் வாங்கினார்கள். கிளினிக்கில் விட்டதும் புறங்கால் நாடி ஒருவர் கைக்கும் அகப்படவில்லை என்றாய். எனக்கு ஆச்சரியமே இல்லை. 26 எலும்பு, 33 மூட்டு, உள்ளங்காலில் நான்கு அடுக்குத் தசை என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். நீங்கள் கேட்பதும் அதைத்தானே!

ஸ்பாட்டரில், அதாவது மேசையில் எலும்பை வைத்து அடையாளம் கேட்கும் தேர்வில், கணுக்கால் எலும்பான தாலஸை வைத்து "இது என்ன எலும்பு, எந்தப் பக்கத்தது?" என்று கேட்பதோடு நிறுத்தாதே. "இதில் ஒரு தசைகூட ஒட்டவில்லையே, இதன் கழுத்து உடைந்தால் ஏன் பயப்படுகிறோம்?" என்று கேள். உடைந்தால் அந்த எலும்புக்கு ரத்தம் போவது தடைபடலாம் என்று பேசுகிறவனுக்கு மார்க் போடு.

அப்புறம், பக்கத்து மாணவரின் காலையே கேள்வித்தாளாக்கு. பெருவிரலை மேலே தூக்கச் சொன்னால் புறங்காலில் ஒரு தசைநாண் கயிறு மாதிரி எழும்பும். அதற்குச் சற்று வெளிப்பக்கம், சுண்டுவிரலை நோக்கி, விரல்நுனியை லேசாக வைத்தால் நாடி தெரியும். அழுத்தினால் போச்சு, துடிப்பதே நின்றுவிடும், இல்லையென்றால் தன் விரலின் துடிப்பையே எண்ணிக்கொண்டிருப்பான். நல்ல ஆரோக்கியமான சிலருக்கே அந்த இடத்தில் நாடி கிடைக்காது. அப்போது அடுத்த நாடியைத் தேடி உள்கணுக்காலுக்குப் பின்னால் கை போகிறதா என்று பார். பாதி மார்க் அதற்குத்தான். முதலில் கூச்சப்படுவார்கள். காலைத் தொடுவது ஆசீர்வாதம் வாங்க மட்டும்தான் என்று வளர்ந்த பிள்ளைகள், பாவம்.

உணர்ச்சி சோதனையும் அப்படித்தான். 10 கிராம் மோனோஃபிலமென்ட் (பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்க்கும் நைலான் இழை) என்று எழுதத் தெரியும். அது வளையும்வரை அழுத்த வேண்டும், காய்த்துப்போன தோலில் வைக்கக் கூடாது, நோயாளி கண்ணை மூடியிருக்க வேண்டும் என்பதெல்லாம் செய்யச் சொன்னால்தான் வெளியே வரும்.

இதையெல்லாம் நான் கற்றது தொழுநோயாளிகளின் பாதங்களில். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்த அறுவைசிகிச்சை நிபுணர் டாக்டர் பால் பிராண்ட் திரும்பத் திரும்பச் சொன்னது இதுதான்: சதை தானாக அழுகுவதில்லை, வலி தெரியாத பாதத்தில் ஒரே இடத்தில் மறுபடி மறுபடி விழும் அழுத்தம்தான் புண்ணாகிறது. எம்.சி.ஆர். என்னும் மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பின் வேலையே அந்த அழுத்தத்தைப் பரப்பிவிடுவதுதான். இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் அதே கதை. ஆகவே எலும்பின் பெயர் தெரிந்தவனைவிட, அதற்கு அடியில் எங்கே புண் வரும் என்று விரல் வைத்துக் காட்டுகிறவனே எனக்கு வேண்டும்.

அதற்கு ஒரு வழி சொல்கிறேன். எலும்புகளுக்கு நடுவே ஒரு பழைய செருப்பை வை. பெருவிரலின் அடிப்பக்கம் குழி விழுந்திருக்கும். "இதற்கு நேர் மேலே என்ன இருக்கிறது?" என்று கேள். முதல் மெட்டாடார்சலின், அதாவது பெருவிரலுக்குப் பின்னால் உள்ள நீள எலும்பின், தலை என்பார்கள். அதற்கடியில் தசைநாணுக்குள் இருக்கும் இரண்டு குட்டி செசமாய்டு எலும்புகளையும் சேர்த்துச் சொல்கிற பிள்ளைக்குத் தாராளமாகப் போடு. குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருப்பதைக் காட்டி "இது நோயா?" என்றும் கேட்டுப் பார். நம்மில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் கால் ஊன்றுகிறோம். பாதிப் பேராவது பதறிப்போய் ஏதாவது நோயின் பெயரைச் சொல்வார்கள்.

செருப்புக்கு அலைய வேண்டாம். என்னுடையது இரண்டு ஜோடி பரணில் கிடக்கிறது, பார்சலில் போடுகிறேன். அம்மாவிடம் மட்டும் மூச்சு விடாதே. அவற்றை எப்போதோ குப்பையில் போட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா