குடியிருப்பு மாடித்தோட்டக் குழு: 2023–24 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். கையிருப்பு பெரிதாக ஒன்றும் இல்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஆண்டு ஆள் சேர்க்கச் செயலாளர் எதுவும் செய்யவில்லை. தக்காளி சேர்த்தது. 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னை ரேஷன் கடைகளில் அரசே 60 ரூபாய்க்கு விற்க ஆரம்பித்ததும், அதுவரை மாடியை எட்டிப் பார்க்காதவர்கள்கூட "எனக்கும் ரெண்டு பை வையுங்க" என்று வந்தார்கள். நாற்றுக்கு 25 நாள், பிடுங்கி நட்டபின் பழம் பார்க்க இன்னும் இரண்டு மாதம் என்று சொன்னதும் சில முகங்கள் வாடின. ஆடியில் விதைத்தது பழுப்பதற்குள், செப்டம்பரில், கடையில் விலை விழுந்துவிட்டது. அப்புறமும் நின்றவர்கள்தான் இன்று இங்கே உட்கார்ந்திருப்பவர்கள்.

தக்காளியைவிட அதிகம் பேசவைத்தது சுரைக்காய். கொடி பந்தல் முழுக்கப் படர்ந்தது; பிஞ்சு விட்டது; விரல் நீளம் வந்ததும் மஞ்சளாகி உதிர்ந்தது. உரம் போதாது என்றார் ஒருவர், கண்திருஷ்டி என்றார் இன்னொருவர். மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும், நாற்றமடிக்கும் மீன் அமிலத்தைத் தெளித்துப் பார்த்தோம். மூன்றாம் மாடிக்காரர்கள் சன்னலைச் சாத்தியதுதான் மிச்சம். கடைசியில் கண்டுபிடித்தவர் நம் மூத்த உறுப்பினர் அம்மா. சுரைப்பூ சாயங்காலம்தான் மலரும்; நாமோ காலையில் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கிவிடுகிறோம். இத்தனை உயரத்துக்கு, இரவில் மகரந்தம் சேர்க்கும் அந்துப்பூச்சி ஏறி வரும் என்று நம்பியிருந்தால் ஆகுமா? அன்று ஆறரை மணிக்கு டார்ச்சோடு ஏறினோம். அடியில் பிஞ்சில்லாமல் நீளக் காம்போடு நிற்கும் ஆண்பூவைப் பறித்து, வெள்ளை இதழ்களை உரித்து, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவில் பொட்டு வைப்பதுபோல் ஒற்றி எடுத்தார் அம்மா. அந்தப் பிஞ்சு உதிரவில்லை. பிறகு முறை போட்டுக்கொண்டு ஏறினோம்.

வெண்டை தோல்வி. இலை நரம்பு மஞ்சளாகும் தேமல் நோய், வெள்ளை ஈ பரப்புவது. வந்த செடிக்கு மருந்து கிடையாது, பிடுங்கிப் போட வேண்டும். பிடுங்க மனசு வராமல் ஒரு வாரம் தள்ளியதில் வரிசையே போயிற்று. முதலில் நோய் கண்ட செடி என்னுடையது என்பதையும் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். குட்டைப் புடலை என்று ஒரு கடையில் வாங்கிய விதை, மூன்றடிப் பாம்பாகத் தொங்கியது. கடையின் பெயர் வேண்டாம்.

தளத்தில் நீர் கசிகிறது என்று மேல்வீட்டார் தந்த புகார் நியாயமானதே. பைகளைத் தரையோடு வைத்தது நம் தவறு. இப்போது எல்லாம் செங்கல் மேல். செம்மண்ணைக் குறைத்து, அலசிய தென்னை நார்க்கழிவும் மண்புழு உரமும் கூட்டியதில் பாரமும் குறைந்தது.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். மழை விட்டபின் ஏறிப் பார்த்தால், பந்தல் சாய்ந்து கிடக்கிறது. பழுத்த தக்காளியெல்லாம் வெடித்துவிட்டது. காய்கள் பச்சையாகத் தண்ணீரில் உருள்கின்றன. கரண்ட் இல்லை, பால் இல்லை, காய்கறிக் கடை திறக்கவில்லை. பொறுக்கியதையும், சாயாமல் நின்ற பசலைக்கொடியையும் இரண்டு பக்கெட்டில் இறக்கினோம். பாசிப்பருப்பு போட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் தக்காளிக்காய்க் கூட்டு. அந்தப் புளிப்புக்குத் தனியாகப் புளி கரைக்க வேண்டியிருக்கவில்லை. ஜூலையில் விலைக்குப் பயந்து சேர்ந்தவர்கள்தான் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள்.

விதைப் பரிமாற்றம் வழக்கம்போல் ஆடிக்கு முந்தைய ஞாயிறு. சந்தா பாக்கியுள்ளவர்கள் அன்றே தீர்த்துவிட வேண்டுகிறேன். ஒரு முற்றல் சுரையின் விதைகளைச் சாம்பலில் புரட்டி வைத்திருக்கிறேன். வேண்டுவோர், மாலை ஆறரைக்கு மாடி ஏறச் சம்மதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
செயலாளர்