பக்கத்து வீட்டு மாடி நாய்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லேப்ரடார் பெட்டை, நாலைந்து வயதிருக்கும். இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது, விலா எலும்பை எண்ணிவிடலாம். தண்ணீர் டேங்கின் தூணில் சங்கிலி இரண்டு சுற்று சுற்றி, மிச்சம் ஒன்றரை அடிதான் இருக்கிறது. போலீஸில் எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். கொடுக்கலாம், ஆனால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இன்றைக்கோ நாளைக்கோ அந்த நாய் அந்த வீட்டை விட்டுப் போகப்போவதில்லை. அந்த வீட்டுக்காரர்கள் உன்னை மாடிக்கு விட்டால்தான் நீ அதற்கு ஏதாவது செய்ய முடியும்.

அதனால் முதலில் பேச்சு. நாய் விஷயத்தில் முடிவெடுப்பவர் ஒருவராகவும், தினம் சோறு வைப்பவர் வேறொருவராகவும் இருப்பார்கள். பிள்ளை ஆசைப்பட்டு வாங்கியிருப்பார்கள், பிள்ளை காலேஜுக்குப் போயிருக்கும், கடைசியில் முட்டிவலியோடு மாடி ஏறமுடியாத பாட்டி தலையில் வந்து விழுந்திருக்கும். கொடுமைக்காரர்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதே. "இப்படி வச்சிருக்கீங்களே" என்று ஆரம்பித்தால் பேச்சு அன்றோடு முடிந்தது. "ஆன்ட்டி, வெயில் ஏறிடுச்சு, எங்ககிட்ட ஒரு சிமெண்ட் தொட்டி சும்மா கிடக்கு, நாய்க்குத் தண்ணி வைக்க எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேள். செலவில்லாத, வேலையில்லாத உதவிக்கு யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. நாய் பெயரைக் கேட்டு வைத்துக்கொள். தெரு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வார்த்தை போடாதே. ஊர் முன்னால் தலைகுனிந்தவர்கள் நாயை மாடியிலிருந்து இறக்கிப் பின்கட்டில், உன் கண்ணில் படாத இடத்தில் கட்டிவிடுவார்கள்.

சுவருக்கு மேலிருந்து சோறு வீசுவதும் வேண்டாம். நாளைக்கு அது வாந்தி எடுத்தால் பக்கத்து வீட்டுப் பெண் என்னத்தைப் போட்டாளோ என்றுதான் பேச்சு வரும். அதில் நியாயமும் இருக்கிறது. வேகவைத்த கோழி எலும்பு சிலும்பு சிலும்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். வெங்காயம், பூண்டு போட்ட குழம்புச் சோறு ரத்த அணுக்களை அழிக்கும். கேட்டுவிட்டுக் கொடு.

தண்ணீர்க் கணக்கு இது: நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி. இந்த நாய் இப்போது 20 கிலோ இருக்கும் என்று வை, ஒரு லிட்டருக்கு மேல் வேண்டும். அக்னி நட்சத்திரத்தில் மொட்டை மாடியில் அதைப்போல் இரண்டு மடங்கு ஆகும். பிளாஸ்டிக் கிண்ணம் காலில் இடறிக் கவிழும், எவர்சில்வர் பாத்திரம் பத்து மணிக்கே சுட ஆரம்பிக்கும். சிமெண்ட் தொட்டியோ மண் தொட்டியோதான் சரி, அதிலும் இரண்டு வைத்தால் ஒன்று காலியானாலும் பயமில்லை. இடம் சங்கிலி எட்டும் எல்லைக்குச் சற்று உள்ளே இருக்கட்டும். நடுவில் வைத்தால் சங்கிலியே இழுத்துக் கவிழ்த்துவிடும். தினம் கொட்டிவிட்டுத் தேங்காய் நாரால் தேய்த்து மாற்று. இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் கொசுப்புழு நெளியும், அதைச் சாக்காக வைத்தே தொட்டியை எடுக்கச் சொல்வார்கள்.

நிழலில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். காலை எட்டு மணிக்கு டேங்குக்கு மேற்கே நல்ல நிழல் இருக்கும், அங்கே கட்டிவிட்டு ஆபீஸ் போவார்கள். மதியத்துக்கு மேல் நிழல் கிழக்கே போய்விடும், நாய் மேற்கு வெயிலில் மாட்டிக்கொள்ளும். ஒரு ஞாயிற்றுக்கிழமை 8, 12, 3 மணி என்று மூன்று தடவை உன் மாடியிலிருந்து பார்த்தால் நிழல் போகும் போக்கு தெரிந்துவிடும். தகர ஷீட் போடச் சொல்லாதே, அதன் அடியில் உட்கார முடியாது. நர்சரிக்குக் கட்டுகிற பச்சை வலையை இரண்டு மடிப்பாக, ஐந்தாறு அடி உயரத்தில், பக்கவாட்டில் காற்றுப் போகும்படி கட்டினால் போதும். தரைக்கு ஒரு பழைய நார்க் கட்டில். தளத்தில் உன் புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பார். உன்னால் வைத்திருக்க முடியாவிட்டால் அதன் பாதமும் வெந்துகொண்டுதான் இருக்கிறது.

சங்கிலி பற்றி நீ கேட்கவில்லை, ஆனால் எனக்குச் சோற்றைவிட அதுதான் கவலை. தூணில் கட்டிய நாய் ஒரே பக்கமாகச் சுற்றும். சுற்றச் சுற்றச் சங்கிலி குறைந்து, தண்ணீர் கண்முன்னே இருந்தும் எட்டாமல் போகும். கழுத்துப்பட்டைக்கும் சங்கிலிக்கும் நடுவே சுழல்கிற கொக்கி ஒன்று இருக்கவேண்டும், உன் படத்தில் அது இல்லை. இரும்புக் கடையில் கிடைக்கும், சங்கிலி முறுக்கிக்கொள்வதை அது தடுக்கும். தூணைச் சுற்றுவதை நிறுத்தத் தனி வழி உண்டு. இரண்டு தூணுக்கு நடுவே ஏழடி உயரத்தில் கெட்டிக் கம்பி ஒன்றை இழுத்துக் கட்டி, அதில் ஒரு வளையத்தைக் கோத்து, வளையத்தில் சங்கிலியைப் போடவேண்டும். நாய் கம்பியின் நீளத்துக்கும் நடக்கலாம். தூணுக்கு மூன்றடி முன்னாலேயே கம்பியில் ஒரு கிளாம்ப் போட்டு வளையத்தை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் பழைய கதைதான். சங்கிலி எந்தப் பக்கம் இழுத்தாலும் கைப்பிடிச் சுவரைத் தொடக்கூடாது. தீபாவளி வெடிக்குப் பயந்து சுவரைத் தாண்டிக் குதித்து, கழுத்தில் சங்கிலியோடு வெளிப்பக்கம் தொங்கிச் செத்துப்போகும் நாய்கள் உண்டு. அந்த ராத்திரிகளிலாவது வீட்டுக்குள் விடச் சொல்.

பட்டைக்குள் இரண்டு விரல் தாராளமாக நுழையவேண்டும். குட்டியில் போட்ட பட்டை இன்னும் கழுத்தில் இருந்தால் முடிக்கடியில் தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம். கெட்ட வாடை, முடி ஈரமாக ஒட்டியிருப்பது, கையைக் கழுத்துப் பக்கம் கொண்டுபோனாலே உறுமுவது ஆகியவை அதற்கு அடையாளம். அப்படியிருந்தால் நீ கத்தரி எடுக்காதே. மயக்க ஊசி போட்டு டாக்டர் எடுக்கவேண்டிய வேலை அது.

இனி சாப்பாடு. ஒல்லியாக இருக்கிறதே என்று முதல் நாளே தட்டு நிறையச் சோறு போடுவது ஆபத்தில் முடியலாம். தினம் கொஞ்சமாவது தின்றுவந்த நாய்க்கு வயிற்றுப்போக்கோடு போகும். வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய், ஐந்தாறு நாள் ஒன்றுமே இல்லாமல் கிடந்த நாய் என்றால் கதை வேறு. மாவுச்சத்து திடீரென்று போனதும் இன்சுலின் ஏறி, ரத்தத்திலுள்ள பாஸ்பரஸும் பொட்டாசியமும் மளமளவென்று இறங்கும், இதயம் நின்றுபோகக்கூடும். அப்படிக் கிடந்திருந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டுத்தான் தீனி. 20 கிலோ நாய்க்குச் சும்மா படுத்திருக்கவே நாளொன்றுக்கு 660 கலோரி வேண்டும். முதல் மூன்று நாள் அதில் கால்வாசி மட்டும்: ஓர் அவித்த முட்டை, எலும்பில்லாமல் வேகவைத்த கோழி 60 கிராம், இதை நாலு வேளையாகப் பிரித்து. அடுத்த மூன்று நாள் பாதி, அப்புறம் முக்கால், பத்தாம் நாளில் முழு அளவு. அந்த முழு அளவு கோழி 250 கிராம், வெந்த சோறு ஒன்றரைக் கரண்டி, கொஞ்சம் பூசணிக்காய். உப்பு, மிளகாய் எதுவும் வேண்டாம்.

அந்த வீட்டில் பெரும்பாலும் தயிர்சாதமோ பால்சோறோதான் வைப்பார்கள். பசி அடங்கும், சதை பிடிக்காது. புரதம் போதாது, பாலும் நிறைய நாய்களுக்குச் செரிக்காது. கறிக்கடையில் கோழி ஈரல் மலிவு, வாரத்தில் இரண்டு நாள் சேர்க்கலாம், தினமும் வேண்டாம். கறியும் சோறும் மட்டும் மாதக்கணக்கில் போட்டால் கால்சியம் குறையும். ஒரு மாதத்துக்குப் பிறகு பாக்கெட் தீனிக்கு மாற்றுவதே எல்லோருக்கும் சுலபம். மாடி ஏறமுடியாத பாட்டிக்கு ஒரு கப் அளந்து போடுவது சமைப்பதைவிட எளிது, அப்படிச் சொன்னால் ஒத்துக்கொள்வார்கள்.

காது மடிப்பு, விரல் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடி, இந்த இடங்களில் உண்ணி இருக்கும். மண்ணெண்ணெய், எஞ்சின் ஆயில், மாட்டுக்கு அடிக்கிற மருந்து எதுவும் கூடாது. நாய் நக்கும், தோலும் வெந்துபோகும். கையுறை போட்டு, சின்ன இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, சோப்புத் தண்ணீரில் போடு. நகத்தால் நசுக்காதே. நாய்மேல் நீ பார்ப்பது கொஞ்சம்தான். முட்டையிடும் பெட்டை உண்ணி கீழே விழுந்து சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் இடும். சொட்டு மருந்து எடைக்கேற்ற அளவில் டாக்டர் தருவார். நீ அந்த வெடிப்புகளைச் சிமெண்ட் வைத்து அடைத்து, படுக்கும் சாக்கைத் தூக்கி எறியச் சொல். ஈறு வெளுத்திருப்பது, மூக்கில் ரத்தம், வயிற்றுத் தோலில் சிவப்புப் புள்ளி, காய்ச்சல், இவை உண்ணிக் காய்ச்சலின் குறிகள். ரத்தப் பரிசோதனை செய்து, பெரும்பாலும் டாக்ஸிசைக்ளின் நாலு வாரம் கொடுப்பார்கள். ஒரே வாரத்தில் நாய் எழுந்து தின்னும், மருந்தை நிறுத்திவிடுவார்கள், நோய் திரும்பும். இது எல்லா வீட்டிலும் நடப்பது, மாத்திரை நேரத்தை நீ நினைவூட்டு. மனிதர் வலி மாத்திரை எதுவும் வேண்டவே வேண்டாம்.

வெயில் மயக்கம் வந்தால் தெரிந்துகொள்ள வேண்டியது: நாக்கு முழுக்கத் தொங்கும், எச்சில் கெட்டியாக வழியும், ஈறு செக்கச்செவேலென்று இருக்கும், நடை தள்ளாடும். மாடிக் குழாயைத் திறக்காதே, மதியம் அதில் வருவது வெந்நீர். சம்ப் தண்ணீரோ கேன் தண்ணீரோ உடம்பு முழுக்க ஊற்றி, விசிறிக்கொண்டே வண்டியில் ஏற்று. ஈரத்துண்டைப் போர்த்தி அப்படியே விடக்கூடாது, சூடு உள்ளேயே அடைபடும். நாய்க்குச் சாதாரணமாகவே 101 முதல் 102.5 டிகிரி இருக்கும். 103க்கு இறங்கியதும் ஊற்றுவதை நிறுத்து. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் செலவு குறைவு. "டாக்டரிடம் காட்டச் சம்மதம்" என்று வீட்டுக்காரரிடம் வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கி வைத்துக்கொண்டு போ.

கட்டிக்கிடக்கும் நாய் ஓடமுடியாது, அதனால் சீக்கிரம் கடிக்கும். நேராகப் போய்க் குனிந்து தலையைத் தடவாதே. பக்கவாட்டாக நில், கண்ணை உற்றுப் பார்க்காதே, சங்கிலி எட்டாத தூரத்தில் உட்கார்ந்து தீனியை உருட்டிவிடு. உடம்பு விறைத்து, கண்ணின் வெள்ளை தெரிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். வாயை மூடமுடியாமல், தண்ணீர் விழுங்க முடியாமல், குரல் மாறியிருந்தால் அது ரேபிஸாக (வெறிநோயாக) இருக்கலாம், அருகே போகவே கூடாது. பல் பட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போ. ஊசி இலவசம், 0, 3, 7, 28 என்ற நாள் கணக்கில் போடுவார்கள். பத்து நாள் நாயைப் பார்த்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. தடுப்பூசிப் புத்தகத்தை முதல் வாரத்திலேயே கேட்டுப் பார். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் எடுக்க ரேபிஸ் ஊசி போட்ட சான்று வேண்டும். உரிமத்தைச் சாக்காக வைத்தே ஊசியைப் போடவைத்துவிடலாம்.

இப்போது போலீஸ். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960, பிரிவு 11இல் குட்டைச் சங்கிலியில் அளவுக்கு மீறிய நேரம் கட்டிவைப்பது, எப்போதும் கட்டிய நாயை நடக்கவிடாமல் இருப்பது, போதிய உணவும் தண்ணீரும் இருப்பிடமும் தராதது என்று உன் பக்கத்து வீட்டுக் கதை மூன்று உட்பிரிவில் அப்படியே எழுதியிருக்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடியதன் பலனாக வந்த சட்டம் அது. ஆனால் முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. நாற்பது வருடத்துக்கு மேலாக அந்தத் தொகை அப்படியே கிடக்கிறது, வெட்கக்கேடு. மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் 100 ரூபாய் வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இந்த உட்பிரிவுகளில் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்கவும் முடியாது. கூப்பிட்டு எச்சரித்து அனுப்புவார்கள். அதற்குப் பிறகு நாய்க்குத் தண்ணீர் வைக்க நீ மாடி ஏற முடியாது. அடித்து ஊனமாக்கினாலோ விஷம் வைத்தாலோ மட்டும் தயங்காதே, பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை தண்டனை உண்டு. எதற்கும் உன் மாடியிலிருந்தே, தேதி நேரம் தெரிய, காலிக் கிண்ணமும் சங்கிலியும் தெரிகிற மாதிரி படம் எடுத்து வை. புகார் கொடுத்தால், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குப் போலீஸ் தருகிற சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதே. ராத்திரியில் அவிழ்த்துக் கொண்டுபோய்விடலாம் என்று உன் சிநேகிதி சொன்னதாக எழுதியிருந்தாய். அது திருட்டு, வழக்கு உன்மேல்தான் வரும்.

அவர்களே "எங்களால முடியல, நீயே வச்சுக்கோம்மா" என்று சொல்லவும் வாய்ப்பிருக்கிறது. வாய்ப்பேச்சை நம்பிக் கூட்டிக்கொண்டு வராதே. நாயின் அடையாளம், தேதி, மனப்பூர்வமாக ஒப்படைக்கிறோம் என்ற வாக்கியம், கையெழுத்து, இவ்வளவும் ஒரு தாளில் வேண்டும், ஊசிப் புத்தகமும் கூடவே. உன் வீட்டு ஓனரிடம் அதற்கு முன்னாலேயே கேட்டு வை.

அடுத்த தடவை போகும்போது மேலிருந்து முதுகு தெரிய ஒரு படம், உதட்டை அவர்களே தூக்கிக் காட்ட ஈறு தெரிய ஒரு படம் எடுத்து அனுப்பு. எடைபோட முடிந்தால் சரியான எடையையும் எழுது, தீனி அளவைத் திருத்திச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா