மன்னார் அக்காவுக்கு, லார்னகாவிலிருந்து

அக்கா,

மாதக் கடைசியில் கிளம்புகிறேன். ஜெர்மனியில் வேலை, அதே கப்பல் கணக்கு வேலைதான். போன வருடமே வந்த வாய்ப்பு. ஏன் தள்ளிப்போடுகிறாய் என்று வீட்டில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், சொல்ல என்னிடம் காரணம் இல்லை. போன வாரம் சரி என்று எழுதி அனுப்பிவிட்டேன். உங்களிடம் சொல்லாமல் போகக் கூடாது என்று தோன்றியது. நீங்கள் சொல்லாமல்தான் போனீர்கள். அது இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் போட்டால் பார்த்துவிட்டு விட்டுவிடுவீர்கள். இங்கே பொதுவில் எழுதினால் மகள் உங்களுக்கு வாசித்துக் காட்டுவாள் என்று தெரியும். அவளும் படிக்கிறாள், வேறு ஆட்களும் படிக்கிறார்கள். அதனால் சில இடங்களில் சுற்றி வளைத்து எழுதுவேன், நீங்கள் புரிந்துகொள்ளுங்கள்.

கார் வாங்கினேன். பழையதுதான், ஏசி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்க பஸ் எட்டும் தூரம்தான் நமக்கு சைப்ரஸ் என்று இருந்தது அல்லவா? லார்னகா உப்பேரிக்கு நடை, ஓரோக்லினி ஏரிக்கு பஸ், காசு மிஞ்சினால் காவோ கிரேக்கோ முனை. மற்ற இடத்துக்கெல்லாம் "பிறகு பாப்பம் தம்பி." அந்தப் பிறகுகளை எல்லாம் ஒவ்வொன்றாகத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டேன்.

பாஃபோஸ் காட்டுக்குப் போனேன். ஸ்தாவ்ரோஸ் தீஸ் ப்சோகாஸ் என்று வனத்துறை நிலையம் ஒன்று உண்டு, அதுவரை வளைந்து வளைந்தே போகிறது பாதை. நீங்கள் வந்திருந்தால் வாந்தி எடுத்திருப்பீர்கள். அங்கே கம்பி வேலிக்குள் அக்ரினோ நிற்கிறது, பழைய சைப்ரஸ் ஏர்வேஸ் விமானத்தின் வாலில் வரைந்திருந்தார்களே, வளைந்த கொம்புக் காட்டுச் செம்மறி, அதுதான். வேலிக்குள் பார்த்ததை நீங்கள் கணக்கில் சேர்க்க மாட்டீர்கள். எனக்கும் சேர்க்க மனம் வரவில்லை. மறுநாள் விடியும் முன்பே எழுந்து காட்டுப் பாதையில் கார் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். ஒரு கிடா, பின்னால் சின்னதாக இரண்டு. பைன் மரச் சரிவில் சரளைக்கல் உருளும் சத்தம் கேட்டது, அதைத்தான் முதலில் கவனித்தேன். என்னைப் பார்த்ததும் போய்விட்டன. 1930களில் தீவு முழுக்க மிகச் சிலதான் மிஞ்சியிருந்தன என்கிறார்கள். வேட்டையை நிறுத்தி, காட்டுக்குள் ஆடு மேய்ப்பதையும் நிறுத்திய பிறகு பெருகி, இன்று சில ஆயிரம். மேய்ப்பர்கள் எங்கே போனார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். தகவல் பலகைகளில் அதைப் போடவில்லை.

அங்கிருந்து கேதுரு பள்ளத்தாக்கு. உங்கள் வேதாகமத்தில் லெபனோன் கேதுரு என்று வருமே, அதற்குத் தம்பி முறை இந்த மரம். ஊசியிலை அதைவிடக் குட்டை. உலகத்தில் இந்தக் காட்டில் மட்டும்தான் இயற்கையாக வளர்கிறது. கிளைகள் தட்டுத் தட்டாக விரிந்து நிற்கின்றன. திரிபிலோஸ் மலை ஏறி இறங்கும்வரை உங்களிடம் பேசிக்கொண்டே நடந்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது சொல்ல.

நீங்கள் போன பிறகு நடந்தது இன்னும் இரண்டு உண்டு. 2021 தொடக்கத்தில் உப்பேரியில் பூநாரைகள் வரிசையாகச் செத்தன. ஏரியின் தென்பக்கம் முன்பு துப்பாக்கி சுடப் பழகும் இடம் இருந்ததாம். அதன் ஈயச் சில்லுகள் சேற்றில் கிடந்திருக்கின்றன. பூநாரைக்கு இரையை அரைக்கச் சிறு கல் விழுங்கும் பழக்கம் உண்டு. கல் என்று ஈயத்தை விழுங்கிவிட்டன. எங்கள் கோடியக்கரைப் பறவைகள்தான் மன்னாருக்கு வருகின்றன என்று நானும், மன்னாரில் மிஞ்சியதுதான் கோடியக்கரைக்கு என்று நீங்களும் சண்டை போட்ட அதே கரை.

இன்னொன்று அந்த ஜூலை. அராகபாஸ் பக்கம் பிடித்த தீ 50 சதுர கிலோமீட்டருக்கு மேல் தின்றுவிட்டது. செத்த நான்கு பேரும் எகிப்திலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளர்கள். டிவியில் பார்த்துக்கொண்டிருந்தபோது என் பக்கத்து வீட்டுக்காரர் முதலில் கேட்டது எத்தனை ஒலிவ மரம் போயிற்று என்றுதான். நல்ல மனிதர்தான் அவர். அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

சரி, அந்தத் தோட்டத்துக்கு வருகிறேன்.

ஊர் பெயர் வேண்டாம். காவோ கிரேக்கோவிலிருந்து திரும்பும்போது பஸ்ஸைத் தவறவிட்டு, குறுக்கே நடக்கலாம் என்று சொன்னது நீங்கள். அக்டோபர். மாதுளைச் செடிகளுக்கு நடுவில் குச்சி குச்சியாகச் செருகி வைத்திருந்தார்கள். நான் ஏதோ கொடி ஏறுவதற்கு என்று நினைத்தேன். நீங்கள் ஒன்றைத் தொட்டு, விரலை ஒட்டிப் பிரித்துப் பார்த்துவிட்டு "நறுவிலி" என்றீர்கள். அந்தப் பழத்தைத்தான் காய்ச்சி, குருவி பிடிக்கிற பசை எடுக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகு படித்துத்தான் தெரிந்தது. ஊரில் அதில் காற்றாடி ஒட்டியவர் நீங்கள், உங்களுக்கு விரலிலேயே தெரிந்திருக்கிறது.

நாலாவது செடியில் ஒரு கருந்தொப்பிக் குருவி, பிளாக்கேப் என்பார்களே, அது இருந்தது. தலைகீழாக. பெண், அதற்கு மட்டும் செம்பழுப்புத் தொப்பி. இருபது கிராம் இருந்தால் அதிகம். ஐரோப்பாவிலிருந்து ஆப்பிரிக்கா போகிற வழியில் இங்கே இறங்கிப் பழம் தின்று கொழுக்கிறது, அதனால்தான் பிடிக்கிறார்கள். கால் ஒன்றும், ஒரு பக்க இறக்கை முழுவதும் ஒட்டியிருந்தது. நான் இழுக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டீர்கள். எச்சிலைத் தொட்டுத் தொட்டுக் காலை விடுவித்தீர்கள். இறக்கைக்கு அது போதவில்லை, இறகுகளை வாயிலேயே வைத்தீர்கள். ஒவ்வொன்றாக, உதட்டால் பசையை உருவித் துப்பி, திரும்பவும் வைத்து. உங்கள் முகத்தில் அப்படி ஒரு சாந்தத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இந்தத் தீவின் பறவை ஆர்வலர்களும் இப்படித்தான் எச்சிலால் பசை எடுக்கிறார்களாம். உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

கடைசி இரண்டு இறகு பாக்கி இருந்தபோது பிக்கப் வண்டி வந்தது.

அந்த ஆள் அப்பா வயதுதான். கையில் தடிகூட இல்லை. கத்தவில்லை. கையை மட்டும் நீட்டினார். நான் "சிக்னோமி, சிக்னோமி" என்று இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டு, உங்கள் உள்ளங்கையிலிருந்து பறவையை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அவர் நன்றி சொன்னார் அக்கா. எஃப்ஹரிஸ்தோ என்றார், நான் ஏதோ அவருடைய சாவியைத் தேடிக் கொடுத்த மாதிரி.

பஸ்ஸில் நீங்கள் ஒன்றும் பேசவில்லை. லார்னகா இறங்கும்போதுதான், "நல்ல கை தம்பி உனக்கு."

இதைப் படிக்கிறவர்கள் கேட்பார்கள். 1974லிருந்தே சட்டவிரோதமான வேலை அது, ஏன் ஓடவில்லை, ஏன் போலீஸைக் கூப்பிடவில்லை, ஏன் போட்டோகூட எடுக்கவில்லை? பதில் எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். போலீஸ் வந்திருந்தால் முதலில் யாரிடம் என்ன கேட்டிருப்பார்கள் என்று அந்த நொடியில் நான் நினைத்தேன். அதற்குமேல் இங்கே எழுத முடியாது. மன்னிப்பு என்று கேட்டால் அந்தக் குருவிக்காகக் கேட்கிறேன். உங்களுக்காகச் செய்ததற்கு எப்படி உங்களிடமே கேட்பது? ஆனாலும் கேட்கிறேன். அன்றைக்கு நீங்கள் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் கொடுத்திருக்க மாட்டேன் என்றும் சொல்லத் தோன்றுகிறது, அது உண்மையா என்று நிச்சயமில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்தால் வரட்டும். நீங்கள் வேலை பார்த்த யாயா, அந்தக் கிரேக்கப் பாட்டி வீட்டில் விருந்து என்றால் இந்தக் குருவிகள் டஜன் கணக்கில் வருமே, அதை உரித்தது யார்? உப்புத் தண்ணீரில் வேக வைத்தது யார்? சிரித்துக்கொண்டேதான் என்னிடம் சொன்னீர்கள், தலையோடு கடித்துத் தின்கிறார்கள் என்று. உணவகத்தில் ஒரு தட்டு 40 யூரோவிலிருந்து 80 வரை போகிறது, உங்களுக்குக் கிடைத்தது திட்டு. சம்பளக்காரிக்கு வேறு வழி இல்லை, நான் ஒத்துக்கொண்டேன். எனக்கு மட்டும் அன்றைக்கு வழி இருந்ததா? உங்கள் கைக்குக் காரணம் உண்டு, என் கைக்கு மட்டும் பட்டப்பெயரா?

வாடகை கட்ட முடியாத அந்தக் குளிர்காலம் முழுக்க ஐஸ்கிரீம் டப்பாவில் பருப்பும் சோறும் கொண்டுவந்த கையும் அதுதான். புனித லாசரு கோயிலில் எனக்காக மெழுகுவர்த்தி ஏற்றினீர்கள், பரீட்சைக்கு. நான் கோயிலுக்கு வெளியே நின்று சிரித்தேன்.

போன மாதம் எபிஸ்கோபி செங்குத்துப் பாறைகளுக்குப் போனேன். எலியனோரா வல்லூறு என்று ஒரு வேட்டைப் பறவை, மற்ற பறவைகள் எல்லாம் குஞ்சு பொரித்து முடித்த பிறகு இலையுதிர் காலத்தில்தான் குஞ்சு வளர்க்கும். வலசை போகிற சின்னக் குருவிகள் கடல் மேல் வரும் நேரம் அது. பாறை ஓரத்தில் நிற்கும்போதே ஒன்று பிடித்துக்கொண்டு வந்தது. அதன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தால் அரை மணி நேரமாவது வாதாடியிருப்போம். பிரிட்டிஷ் ராணுவத் தளத்துக்குள் வலை போட்டுக் குருவி பிடிப்பது இப்போது பெரிய அளவில் குறைந்திருக்கிறதாம், வலை கட்ட வளர்த்த அக்கேசியா மரங்களில் நிறையப் பிடுங்கிப் போட்டார்கள், ரோந்தும் அதிகம். அந்தத் தோட்டத்துப் பக்கம் நான் மறுபடி போகவில்லை.

நீங்கள் ஊருக்குப் போய்விட்டதை மளிகைக் கடையில் அரிசி வாங்கும்போது கேள்விப்பட்டேன். கடைக்காரம்மா, தம்பிக்குத் தெரியாதா என்றார். தெரியும் என்று சொன்னேன். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இப்போதைக்கு இல்லை.

பைனாகுலர் விஷயம். பாதிக் காசு உங்களுடையது. ஜெர்மனிக்குக் கொண்டுபோகலாமா, உங்களுக்குத் தபாலில் அனுப்பலாமா என்று ரொம்ப நாள் யோசித்தேன். கடைசியில் ஞாயிறு பூங்காவுக்கு வருகிற ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். புத்தளத்துப் பெண், புதிதாக வந்திருக்கிறாள், வாரம் ஒரு நாள்தான் வெளியே விடுகிறார்கள். பூநாரை வர இன்னும் சில வாரம் ஆகும், அதற்குள் உப்பேரிக்கு எந்தப் பக்கம் நடந்தால் வெயில் முதுகில் விழும் என்று காட்டிக் கொடுத்திருக்கிறேன். உங்களைக் கேட்காமல்தான் கொடுத்தேன். திட்ட வேண்டும் என்றால் கூப்பிடுங்கள், இந்த எண் மாதக் கடைசி வரை இருக்கும்.

தம்பி